ஸ்தோத்திரம்: ஒப்புக்கொள்ளுதலும் பந்தியும்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே 'ஸ்தோத்திரம்' என்ற சொல் செய்யாத வேலை இல்லை. போதகரை வழியில் கண்டால் 'ஸ்தோத்திரம் ஐயா' என்பது வணக்கம். புதுவீடு கட்டி முடித்தால் ஸ்தோத்திர ஜெபம். பிள்ளை பிறந்தாலும் பரீட்சையில் தேறினாலும் ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை. ஆண்டுக்கு ஒருமுறை ஸ்தோத்திரப் பண்டிகை. குருவானவரிடம் 'தோத்திரம் சாமி' என்று கைகுவிக்கும் கத்தோலிக்கருக்கும் அது பழைய சொல்தான். இந்த இடங்களில் எல்லாம் அதற்கு நன்றி என்ற பொருள் கலந்தே வருகிறது. ஆனால் கிறிஸ்தவர் அல்லாத ஒரு தமிழரிடம் தோத்திரம் என்றால் என்ன என்று கேட்டால், கடவுளைப் போற்றிப் பாடுவது என்பார். நன்றி என்று சொல்லமாட்டார். அகராதியிலும் அதற்குப் புகழ்ச்சி, துதி என்பவையே பொருள். புகழ்ச்சியைக் குறித்த சொல் ஒரு சமூகத்துக்கு மட்டும் எப்படி நன்றியின் பெயராயிற்று? நன்றி என்ற தூய தமிழ்ச் சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாக வழக்கில் இருக்க, வேதத்தைத் தமிழாக்கியவர்கள் அதை விட்டு ஏன் இதைக் கைக்கொண்டார்கள்? சொல்வளம் போதாமல் நேர்ந்த தடுமாற்றம் என்று இதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. கிறிஸ்தவ வாழ்வில் நன்றி என்பது பெற்ற நன்மையைப் பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது. அந்தப் பலரையும் பந்தியில் உட்காரவைப்பதில்தான் அது நிறைவு பெறுகிறது. இந்தச் சொல்லின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது என்பது என் வாதம்.

முதலில் சொல்லின் பிறப்பு. 'ஸ்து' என்ற வடமொழி வேருக்குப் புகழ்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த ஸ்துதி தமிழில் துதி ஆயிற்று. ஸ்தோத்ரம் தோத்திரம் ஆயிற்று. துதியும் தோத்திரமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சைவர்கள் தங்கள் நூல்களைத் தோத்திரம், சாத்திரம் என்று இரண்டாகப் பகுப்பார்கள். பன்னிரு திருமுறையும் தோத்திரம். சிவஞானபோதம் முதலான 14 நூல்கள் சாத்திரம். சாத்திரம் தத்துவத்தை நிறுவும். தோத்திரம் இறைவன் யார், என்ன செய்தான் என்று அவன் முன்னே எடுத்துச் சொல்லும். ஆயிரம் பெயர் சொல்லிப் போற்றும் மரபும் தோத்திர மரபே. இன்று தமிழ்ச் சபைகளில் ஆயிரம் ஸ்தோத்திரங்களை வரிசை எண்ணிட்டு அச்சிட்ட சிறு நூல்கள் புழங்குகின்றன. பெந்தெகொஸ்தே வீடுகளில் அவற்றை வைத்துக் காலையில் ஜெபிப்போர் பலர். சொல் மதம் மாறினாலும் அதனோடு பிறந்த இலக்கிய வடிவம் சில நூற்றாண்டு கழித்துத் தானே வந்து சேர்ந்துகொண்டது என்றுதான் இதைப் பார்க்கத் தோன்றுகிறது. இங்கே நமக்கு வேண்டியது ஒரு குறிப்பு: தோத்திரம் வாயால் சொல்லப்படுவது, பிறர் காதில் விழுவது. மனத்துக்குள் மட்டும் நிகழும் தோத்திரம் என்று ஒன்றை மரபு அறியாது.

நன்றியின் கதை வேறு. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயர். அந்தத் தொடரைப் பிரித்துப் பார்த்தால் 'செய்த நன்றியை அறிதல்' என்று நிற்கும். ஆக நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்தது, அறிதல்தான் நம்முடையது. அந்த அதிகாரத்தில் நன்றி என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் நன்மை என்றே பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது. வினைத்தூய்மை அதிகாரத்திலோ உதவி என்ற பேச்சே இல்லாமல், நல்ல பயன் என்ற அளவில் அது நிற்கிறது. 'நல்' என்ற அடியில் பிறந்த சொல்லுக்கு அதுதான் இயல்பு. அதற்கும் முந்திய புறநானூற்றில், கிள்ளிவளவனைப் பாடிய ஆலத்தூர் கிழார் (34ஆம் பாடல்), எல்லாப் பாவத்துக்கும் கழுவாய் உண்டு, ஒருவர் செய்த நன்மையைக் கொன்றவர்க்கு மட்டும் உய்வில்லை என்ற கருத்தை அறநூலின் தீர்ப்பாகவே எடுத்துரைக்கிறார். நன்மையைக் கொல்வதா? அதை மறப்பதுதான் கொல்வது. தமிழரின் பழைய நெறி நினைவைச் சுற்றியே அமைந்தது. நினைத்திருக்கச் சொன்னது, வாய்விட்டுச் சொல்லும்படி கேட்கவில்லை. உதவி செய்தவரிடம் 'நன்றி' என்று உடனே சொல்லிவிட்டு நகரும் வழக்கம் மிகப் புதியது. கூட்ட முடிவில் 'நன்றி நவிலல்' வருவதற்கு முன்பு அந்த இடத்தில் 'வந்தனோபசாரம்' இருந்ததை முதியவர்கள் அறிவார்கள்.

இப்போது வேத மொழிபெயர்ப்புக்கு வருவோம். ஹென்றி பவர் ஐயர் தலைமையில் அமைந்த குழு 1871இல் முடித்துத் தந்த வேதாகமமும், அதன் வழியில் இன்றும் சீர்திருத்தச் சபைகளில் படிக்கப்படும் பதிப்பும் இரண்டு சொற்களையும் பயன்படுத்துகின்றன, ஆனால் இடம் பிரித்து. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் விசுவாசிகளிடம் இருக்கவேண்டிய குணத்தைச் சொல்லும்போது 'நன்றியறிதல்' வருகிறது. கடைசி நாட்களின் மனிதர்களைத் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் பட்டியலிடும்போது அவர்கள் 'நன்றியறியாதவர்கள்'. லூக்கா 6ஆம் அதிகாரத்தில் கடவுள் யாருக்கெல்லாம் நன்மை செய்கிறார் என்னும் இடத்திலும் அதே சொல். இவை எல்லாம் குணம். செயல் என்று வரும்போது சொல் மாறிவிடுகிறது. எல்லாவற்றிலும் செய்யச் சொல்லித் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது ஸ்தோத்திரம். கடைசி இராப்போஜனத்தில் இயேசு அப்பத்தை எடுத்துச் செய்தது ஸ்தோத்திரம். குஷ்டம் நீங்கித் திரும்பி வந்த சமாரியன் செலுத்தியதும் ஸ்தோத்திரம். இந்தப் பிரிவினை தற்செயல் அல்ல என்பதற்கு ரோமர் 16ஆம் அதிகாரம் நல்ல சாட்சி. தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுக்க முன்வந்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதிக்குப் பவுல் அங்கே நன்றி சொல்கிறார். மற்ற இடங்களில் கடவுளை நோக்கி அவர் ஆளும் அதே கிரேக்க வினைதான் அங்கும் இருக்கிறது. ஆனால் தமிழ், மனிதரை நோக்கி என்பதால் ஸ்தோத்திரத்தை எடுத்துவிட்டு நன்றியறிதலை வைத்தது. 19ஆம் நூற்றாண்டு உரைநடையே வடமொழி மயம். கிடைத்த வடசொல்லை அள்ளிப் போட்டார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படி அள்ளிப் போட்டவர்கள் நன்றியறிதலைத் தேடிப்பிடித்து அதற்குரிய இடங்களில் மட்டும் வைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் காதில் இரண்டும் வேறு வேறாக ஒலித்திருக்கின்றன.

அந்தக் காது சரியாகவே கேட்டது என்பதை எபிரெய மொழி உறுதிசெய்கிறது. பழைய ஏற்பாட்டில் நன்றி என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் 'தோதா'. இன்றைய இஸ்ரேலில் கடைக்காரரிடம் சொல்லும் நன்றியும் அதுவே. ஆனால் வேதகாலத்து எபிரெயத்தில் நன்றி சொல்வதற்கென்று தனியாக ஒரு வினைச்சொல் இல்லை என்று சங்கீதங்களை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் கிளவுஸ் வெஸ்டர்மன் வாதிட்டார். தோதாவின் வேர் வினைக்கு ஒப்புக்கொள்ளுதல், அறிக்கையிடுதல், போற்றுதல் என்று பொருள் விரியும். லேயாள் நான்காம் மகனைப் பெற்றபோது கடவுளைப் போற்றி அவனுக்கு யூதா என்று பெயரிட்டாள். அந்தப் பெயர் இந்த வேரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. யூதர் என்ற இனப்பெயரிலேயே ஸ்தோத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான செய்தி. அதைவிட வியப்பு யோசுவா 7ஆம் அதிகாரம். எரிகோவின் கொள்ளையில் ஒளித்து வைத்த ஆகான் பிடிபட்டதும், கடவுளை மகிமைப்படுத்தி அவருக்குத் தோதா கொடு என்று யோசுவா அவனிடம் சொல்கிறார். தமிழ் வேதம் அதை அறிக்கைபண்ணு என்று சரியாகவே பெயர்த்தது. திருடியவன் உண்மையை ஒப்புக்கொள்வதும் விடுதலை பெற்றவன் நன்மையை ஒப்புக்கொள்வதும் எபிரெயருக்கு ஒரே சொல். இரண்டிலும் ஒளித்து வைத்திருப்பது ஊரார் முன்னே வெளிப்படுகிறது. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு தோதாவைச் சில இடங்களில் புகழ்ச்சி என்றும் சில இடங்களில் ஒப்புக்கொள்ளல் என்றும் பெயர்த்தது. அந்த இரண்டாம் சொல் இலத்தீனில் 'கொன்ஃபெசியோ' ஆயிற்று. 400ஆம் ஆண்டை ஒட்டி அகுஸ்தீனார் தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அதையே தலைப்பாக வைத்தார். பாவத்தை ஒப்புக்கொள்வது மட்டுமல்ல, புகழ்வதும் அந்தச் சொல்லின் பொருள்தான் என்று தம் பிரசங்கங்களில் அவர் மக்களுக்கு விளக்கவேண்டியிருந்தது.

சொல் அப்படி என்றால், பொருள் என்ன? தோதா ஒரு பலியின் பெயருமாகும். லேவியராகமம் 7ஆம் அதிகாரம் அதன் முறையைச் சொல்கிறது. சமாதான பலிகளில் ஒருவகை அது. தமிழ் வேதம் அதற்கு ஸ்தோத்திர பலி என்று பெயர் கொடுத்தது. மற்றச் சமாதான பலிகளின் இறைச்சியை இரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலியை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை ஒன்றும் மீதி வைக்கக்கூடாது. அதனோடு பல வகை அப்பங்களும் செலுத்த வேண்டும். புளிப்பில்லாதவற்றோடு புளித்த அப்பமும் அதில் உண்டு. யூதர்களின் மிஷ்னா நூல் கணக்குச் சொல்கிறது: நான்கு வகை, வகைக்குப் பத்து, ஆக 40 அப்பம். வகைக்கு ஒன்றாக 4 அப்பம் ஆசாரியனுக்கு. மீதி 36 செலுத்தியவருக்கு. ஒரு விலங்கின் இறைச்சி, 36 அப்பம், ஒரே நாள். ஒரு குடும்பத்தால் இதைத் தின்று தீர்க்க முடியுமா? முடியாது, முடியக்கூடாது என்பதற்காகவே சட்டம் அப்படி வைக்கப்பட்டது என்று யூத உரையாசிரியர்கள் சிலர் விளக்கினார்கள். நன்மை பெற்றவர் உற்றாரையும் அயலாரையும் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டால், எதற்காக என்று சொல்லியே ஆகவேண்டும். சட்டம் நன்றியுணர்வைக் கட்டளையிடவில்லை. இறைச்சிக்குக் காலக்கெடு வைத்தது. கெடு பந்தியை உண்டாக்கியது, பந்தி சாட்சியை உண்டாக்கியது. 107ஆம் சங்கீதம் வனாந்தரத்தில் வழிதப்பியவர், சிறைப்பட்டவர், நோயுற்றவர், கடலில் அகப்பட்டவர் என்று நான்கு கூட்டத்தாரை வரிசையாக நிறுத்தி, அவர்கள் தப்பி வந்ததை மக்கள் கூடும் சபையில் சொல்லச் சொல்கிறது. வருங்காலத்தில் எல்லாப் பலிகளும் ஒழிந்தாலும் ஸ்தோத்திர பலி ஒழியாது என்ற ஒரு பழைய ரபிமார் வாக்கும் உண்டு. பாவம் ஒழிந்த உலகத்திலும் செய்வதற்கு மீந்திருக்கும் ஒரே பலி அது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் கிரேக்க மொழியின் 'யூகரிஸ்தியா' கிறிஸ்தவத்துக்குள் நுழைகிறது. 'யூ' என்றால் நல்ல; 'காரிஸ்' என்றால் கருணை, கொடை, அதற்கான நன்றி மூன்றும். கொடுப்பவர் கையில் இருக்கும்போது அது கருணை, வாங்கியவர் கையில் அதுவே நன்றி. இயேசு பிடிபட்ட இரவில் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துச் செய்ததைச் சுவிசேஷங்களும் பவுலும் இந்த வினையால் குறிக்கின்றன. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா இஞ்ஞாசியார் அந்த உணவையே யூகரிஸ்தியா என்று எழுதத் தொடங்கிவிட்டார். செயலின் பெயர் பொருளுக்கு ஆகிவந்தது. உரோமையில் வாழ்ந்த யுஸ்தீன் 155ஆம் ஆண்டை ஒட்டிப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். நன்றி ஜெபம் சொல்லி அப்பத்தைப் பகிர்கிறார்கள். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். வசதி உள்ளவர்கள் மனமுவந்து தருவதைச் சபைத் தலைவர் சேர்த்து வைத்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், அந்நியர் ஆகியோரைத் தாங்குகிறார். ஜெபம் ஒரு நிகழ்ச்சி, தருமம் இன்னொரு நிகழ்ச்சி என்று யுஸ்தீன் பிரிக்கவே இல்லை. மூச்சுவிடாமல் ஒரே வருணனையாகச் சொல்லிச் செல்கிறார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பவுல் இதை இன்னும் கடுமையாகச் சொல்லியிருந்தார். கொரிந்துவில் வசதி உள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு மயங்கிக் கிடக்க, ஏழைகள் பசியோடு பார்த்திருந்தார்கள். நீங்கள் உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்றார் பவுல். ஜெபத்தில் சொற்குற்றம் எதையும் அவர் சுட்டவில்லை. பந்தி கெட்டதால் ஸ்தோத்திரம் கெட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் இந்த உணவுக்கு வழங்கும் 'நற்கருணை' என்ற பெயர் யூகரிஸ்தியாவோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் அழகான சொல். ஆனால் அது கொடுப்பவரின் பக்கத்தை மட்டுமே ஏந்தியிருக்கிறது. வாங்கியவரின் பக்கம் ஸ்தோத்திரத்துக்குப் போய்விட்டது. ஒரே காசின் இரு முகங்கள் தமிழில் இரண்டு காசாகிவிட்டதால், நற்கருணை என்பதே நன்றி கூறும் செயல் என்பதைத் தமிழருக்குத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

நன்றியைக் கடன் என்று எண்ணுவோர் இங்கே ஒரு தடை எழுப்புவார்கள். நன்றிக்கடன் என்று தமிழிலேயே தொடர் இருக்கிறதே. பெற்றதற்கு ஈடு செய்வதுதானே நன்றி? பவுல் வாழ்ந்த உரோமை உலகம் முழுக்க அப்படித்தான் எண்ணியது. உதவி பெற்றவர் புரவலருக்குக் கட்டுப்பட்டவர்; காலையில் அவர் வாசலில் நிற்கவேண்டும், பொது இடத்தில் அவர் பெருமை பேசவேண்டும். அந்த வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால்தான் பிலிப்பியர் நிருபத்தின் கடைசிப் பகுதி எவ்வளவு விந்தையானது என்று விளங்கும். சிறையில் இருந்த பவுலுக்குப் பிலிப்பி சபையார் பணம் அனுப்பினார்கள். பெற்றுக்கொண்டேன், நிறைந்திருக்கிறேன் என்று அவர் விரிவாக எழுதுகிறார். ஆனால் 'உங்களுக்கு நன்றி' என்ற வினையை ஓர் இடத்திலும் அங்கே எழுதவில்லை. உரையாசிரியர்கள் இதை 'நன்றி சொல்லாத நன்றி' என்பார்கள். மனிதருக்கு நன்றி சொல்லத் தெரியாதவர் அல்ல பவுல் என்பதை ரோமர் 16இல் பார்த்தோம். பணம் கைமாறும் இடத்தில், கொடுத்தவர் புரவலராகவும் வாங்கியவர் அடிமையாகவும் ஆகிவிடக் கூடாது என்று அவர் காப்பாகப் பேசுகிறார் என்றே நான் வாசிக்கிறேன். எருசலேமின் ஏழைகளுக்குக் காணிக்கை திரட்டியபோதும் அதே போக்கு: அந்தப் பணம் கடவுளுக்கு ஏராளமான ஸ்தோத்திரத்தை உண்டாக்கும் என்றுதான் கொரிந்தியருக்கு எழுதினார், எருசலேமார் உங்களுக்குக் கடன்படுவார்கள் என்று சொல்லவில்லை. ராஜாக்கள் தங்களை உபகாரிகள் என்று அழைக்கச் செய்கிறார்கள், உங்களுக்குள் அப்படி வேண்டாம் என்ற கருத்தை லூக்கா 22ஆம் அதிகாரம் இயேசுவின் வாயில் வைப்பதும் அந்த இராப்போஜனப் பந்தியில்தான். இந்த இடத்தில் குறளும் துணைக்கு நிற்கிறது. செய்ந்நன்றியறிதல் அதிகாரம் முழுவதிலும் கடன் என்ற சொல் இல்லை; முன்பு ஓர் உதவியும் பெறாதவர் செய்த உதவிக்கு மண்ணும் விண்ணும் கொடுத்தாலும் ஈடாகாது என்றுதான் அது தொடங்குகிறது. ஈடு செய்ய முடியாததை ஈடு செய்யச் சொல்வது அறமாகாது. அறியச் சொல்வதே அறம்.

அப்படியானால் கைம்மாறே வேண்டாமா? 13ஆம் நூற்றாண்டில் அக்குவினா தோமா நன்றிக்கு மூன்று படிகள் வகுத்தார்: பெற்றதை அறிதல், வாயால் போற்றுதல், இயன்றபோது தகுந்தபடி திருப்பிச் செய்தல். முதற்படி நம் நன்றியறிதல், இரண்டாவது ஸ்தோத்திரம், மூன்றாவது கைம்மாறு என்று அப்படியே தமிழில் அமர்ந்துவிடும் பாகுபாடு இது. மூன்றாவதில்தான் கிறிஸ்தவம் திசையை மாற்றியது. கடவுளுக்குத் திருப்பிக் கொடுக்க மனிதரிடம் ஒன்றும் இல்லை. ஆகவே கைம்மாறு பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திரும்புகிறது. 1563இல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை இந்தத் திருப்பத்தை ஒரு கட்டமைப்பாகவே ஆக்கிக் காட்டியது. அதன் 129 கேள்விகள் மூன்று பாகம்: மனிதனின் அவலம், அவனுடைய மீட்பு, பிறகு நன்றி. 86ஆம் கேள்வி முதல் கடைசிவரை, பத்துக் கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும் நன்றி என்ற தலைப்பின் கீழ்தான் வருகின்றன. களவு செய்யாதே என்பதும் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதும் பயத்தால் கைக்கொள்ளும் சட்டங்களாக இல்லாமல் நன்றியின் பயிற்சிகளாகின்றன. கிறிஸ்தவ ஒழுக்கம் முழுவதற்கும் வேறு பெயர் தேவையில்லை, நன்றி என்றாலே போதும் என்று துணிந்தவர்கள் அவர்கள்.

இன்னொரு தடை இதைவிடக் கனமானது. அதை எழுப்புகிறவர்களின் வலி உண்மையானது. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய் என்பது பறிகொடுத்தவர்களிடம் சொல்லக்கூடிய வார்த்தையா? குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த தாயிடமும், கூலி கேட்டதற்காக அடிபட்டவனிடமும் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்வது கொடுமை அல்லவா? இருப்பதற்கு நன்றியோடிரு என்று ஏழைகளையும் ஒடுக்கப்பட்டவர்களையும் வாயடைக்க இந்தச் சொல் பயன்பட்டதை மறுக்க முடியாது. ஆனால் அது சொல்லின் திரிபு. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய வசனத்தில் கிரேக்கம் 'எல்லா நிலையிலும்' என்கிறது. 1871இன் தமிழும் 'எல்லாவற்றிலேயும்' என்று அந்த இடவேற்றுமையைக் காத்தது. தீமையையே நன்மை என்று அழைக்க அந்த வசனம் கேட்கவில்லை. எபேசியர் நிருபத்தில் 'எல்லாவற்றிற்காகவும்' என்ற தொடர் வருகிறதே என்றால், அங்கே சூழல் சபையார் கூடிச் சங்கீதம் பாடும் வழிபாடு. கடவுள் தந்தவற்றைப் பற்றிய பேச்சு. தோதாவின் சொந்த இடமான சங்கீத நூல் இன்னும் தெளிவான பதில் சொல்கிறது. அங்கே புலம்பல் முதலில் வருகிறது, முறையீடு முறையீடாகவே கேட்கப்படுகிறது. தப்புவித்தால் சபை நடுவே ஸ்தோத்திரம் செலுத்துவேன் என்ற பொருத்தனை அதன்பிறகு. 22ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவரின் கதறலில் தொடங்கி, ஏழைகள் உண்டு திருப்தியாகும் பந்தியில்தான் முடிவை நெருங்குகிறது. ஒப்புக்கொள்ளுதல் என்ற வேர்ப்பொருளை நினைவில் வைத்தால் இந்த வரிசை இயல்பானது. உண்மையை ஒப்புக்கொள்கிறவருக்கு வலியை மறைக்கத் தேவை இல்லை. அடிபட்டவரிடமே நன்றி எதிர்பார்க்கும் ஆண்டைக்கோ, முறையீட்டைப் பாவம் என்று தள்ளும் போதகருக்கோ இந்தச் சொல்லில் இடமில்லை.

வாயால் சொல்லப்படும் ஸ்தோத்திரம் எல்லாமே சரியானது என்றும் நான் சொல்லவரவில்லை. லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயன் தேவாலயத்தில் நின்று செலுத்துவதும், 1871இன் சொல்லின்படி, ஸ்தோத்திரம்தான். மற்றவர்களைப்போல நான் இல்லை என்பது அவன் ஸ்தோத்திரத்தின் பொருள். ஜெபத்தின் இலக்கணம் முழுதும் சரியாக இருக்கிறது, ஆனால் அதில் யாரையும் பந்திக்கு அழைக்க வழியில்லை. எல்லாரையும் வெளியே நிறுத்தித்தான் அது நிற்கிறது. நம் சபைகளின் சாட்சி நேரங்களில் கேட்கும் சில ஸ்தோத்திரங்களை, கார் வாங்கியதும் விசா கிடைத்ததும் தன் விசுவாசத்தின் மெச்சுதலாகச் சொல்லப்படுபவற்றை, இந்த அளவுகோலால் பார்க்கலாம். நன்மையைச் சொல்வது சரி. கிடைக்காதவர் மனம் அதைக் கேட்கையில் அதில் சேர்ந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி.

1995இல் வெளிவந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு, ஸ்தோத்திரத்தை விட்டு நன்றிக்கு மாறியது. சமாரியனும் நன்றி செலுத்துகிறான், பரிசேயனும் நன்றி செலுத்துகிறான், தெசலோனிக்கேயரும் நன்றி கூறுகிறார்கள். ஸ்தோத்திரத்தின் பொருள் அறியாமலே அதைச் சொல்லிப் பழகிய தலைமுறைக்கு இது தெளிவு தந்தது. கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருளும் அதுவே. அந்த முடிவை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 1ஆம் அதிகாரத்தில் பவுல் மனிதகுலத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கடவுளை அறிந்திருந்தார்கள். அறிந்தும் மகிமைப்படுத்தவில்லை, நன்றி செலுத்தவில்லை என்கிறார். அறிதல் நடந்துவிட்டது; குற்றம் அதற்கு அடுத்த படியில். பத்துக் குஷ்டரோகிகளும் தாங்கள் சுத்தமானதை அறிந்தவர்கள்தான். ஒருவன் உரத்த குரலில் கடவுளைப் போற்றிக்கொண்டு திரும்பி வந்தான், அவன் அந்நியன். மற்ற ஒன்பது பேரின் மனத்தில் நன்றி இல்லை என்று கதை எங்கும் சொல்லவில்லை. நன்றி என்ற சொல்லைக் கைக்கொண்ட சபை, அதன் தமிழ் ஆழத்தையும் ஸ்தோத்திரத்தின் உரத்த குரலையும் சேர்த்தே கைக்கொள்ள வேண்டும். கடைவாசலில் சொல்லும் நன்றியின் அளவுக்கு அது சுருங்கினால் குறளும் போயிற்று, தோதாவும் போயிற்று.

தென்மாவட்டங்களில் ஸ்தோத்திரப் பண்டிகையோடும் ஆலயத் திருநாட்களோடும் நடக்கும் 'அசனம்' என்ற பொது விருந்தை இந்தச் சொல்லின் உயிருள்ள பகுதியாகவே நான் கருதுகிறேன். அசனமும் உணவு என்று பொருள்படும் வடசொல். வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த அரிசியும், வயலில் முதலில் விளைந்ததும் ஆலயத்துக்கு வருகின்றன. கொண்டுவந்த வாழைத்தாரும் கோழியும் ஏலம் போகின்றன. சோறு வடிக்கப்பட்டு ஊராருக்கு, மதம் பாராமல், பரிமாறப்படுகிறது. லேவியராகமத்தின் காலக்கெடுவை யாரும் அங்கே நினைத்துப் பார்ப்பதில்லை, ஆனாலும் அன்றைக்கு வடித்த சோறு அன்றைக்கே தீர்கிறது. இதே தமிழ்ச் சபைகளின் வரலாற்றில் பந்தி உடைந்த கதையும் இருக்கிறது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் மூண்ட சச்சரவு எந்த உபதேசத்தைப் பற்றியும் அல்ல. ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, நற்கருணைப் பாத்திரத்தில் யார் வாய் வைத்தபின் யார் குடிப்பது என்பதே வழக்கு. பாத்திரத்தின் மேல் சொல்லப்பட்ட ஸ்தோத்திரத்தை இரு தரப்பும் ஒரே வார்த்தைகளில்தான் சொன்னார்கள். கொரிந்துவுக்குப் பவுல் எழுதியதைத் தமிழில் வாசித்துக்கொண்டே அந்தப் பாத்திரத்தை மறுத்தவர்கள், தாங்கள் மறுத்தது ஸ்தோத்திரத்தையே என்று எண்ணவில்லை.